பிலிப் த ஷாம்பெய்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பிலிப் த ஷாம்பெய்ன்?

1602 மே 26 அன்று பிரஸ்ஸல்ஸில் பிறந்து, 1674 ஆகஸ்ட் 12 அன்று பாரிஸில் இறந்த ஓவியர். பதின்மூன்றாம் லூயியின் தலைமை அமைச்சராக இருந்த கர்தினால் ரிஷ்லியூ என்றதும் ஒரு சிவப்பு அங்கி, கூர்தாடி, நிமிர்ந்த உருவம் நினைவுக்கு வருகிறதல்லவா? அது இவர் வரைந்த ரிஷ்லியூதான். மன்னர் பதின்மூன்றாம் லூயி, நீதிபதிகள், பாரிஸ் நகர அதிகாரிகள், குருமார்கள், கன்னியாஸ்திரிகள் என்று அந்தக் காலத்துப் பிரான்ஸின் எத்தனையோ முகங்கள் இவர் கை வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தன. தேவாலயங்களுக்கும் மடங்களுக்கும் பெரிய பெரிய மதச் சித்திரங்களும் வரைந்தார். 1648இல் பாரிஸில் அரச ஓவிய, சிற்ப அகாதெமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இவரும் ஒருவர்.

அந்த மதுவுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. பிரெஞ்சில் எழுதும்போது இவர் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக வரும், உச்சரிப்பு ஒன்றுதான். இவர் காலத்தில் நுரைக்கும் ஷாம்பெய்ன் இன்னும் பேர்பெறவில்லை. இவரும் விருந்துக் கொண்டாட்டத்துக்குப் பேர்போனவர் அல்ல.

இவர் ஃபிளெமிஷ் ஓவியரா, பிரெஞ்சு ஓவியரா?

இரண்டு நாட்டு அருங்காட்சியகங்களும் உரிமை கொண்டாடும். பிறந்த ஊர் பிரஸ்ஸல்ஸ், அப்போது ஸ்பெயின் ஆண்ட தென் நெதர்லாந்தில் (இன்றைய பெல்ஜியம்) இருந்தது. தொழில் கற்றதும் அங்கேதான். நிலக்காட்சி ஓவியர் ஃபூக்கியேரிடம் சில காலம் இருந்தார். 1621இல், 19 வயதில் பாரிஸுக்கு வந்தார். 1629இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதன் பிறகு வாழ்க்கை முழுக்கப் பாரிஸ்தான். நடுவில் 1650களில் ஒருமுறை பிரஸ்ஸல்ஸுக்குப் போய்வந்தார். ஆபேலின் உடல் அருகே ஆதாமும் ஏவாளும் துக்கத்தில் இருக்கும் படத்தை அந்தச் சமயத்தில்தான் அங்கே ஆளுநராக இருந்த ஆர்ச்டியூக் லியோபோல்ட் வில்ஹெல்முக்காக வரைந்தார். 1656 என்று தேதியிட்ட அந்தப் படம் இப்போது வியன்னாவில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், கண் ஃபிளெமிஷ், கட்டுப்பாடு பிரெஞ்சு என்பேன். ஒரு முகத்தில் உள்ள மருவையும் சுருக்கத்தையும் லினன் துணியின் மடிப்பையும் விடாமல் பார்ப்பது அவர் பிறந்த மண்ணின் பழக்கம். பார்த்ததையெல்லாம் கொட்டிவிடாமல் நிறுத்திக்கொள்வது அவர் போய்ச் சேர்ந்த ஊரில் கற்றது.

'செவ்வியல் பாணி' என்று சொல்கிறார்களே, இவர் விஷயத்தில் அதற்கு என்ன அர்த்தம்?

பக்கத்தில் ரூபன்ஸை வைத்துப் பார்த்தால் உடனே புரியும். ஆண்ட்வெர்ப்பின் ரூபன்ஸ், ராணி மரீ த மெடிசியின் வாழ்க்கையை 24 பெரிய படங்களாக பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனைக்கு வரைந்து கொடுத்தார். அவை 1622 முதல் 1625 வரை உருவானவை. சதை, காற்று, பறக்கும் துணி, கடல் தேவதைகள் எல்லாம் ஒன்றோடொன்று புரண்டு எழும். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அதே அரண்மனையில் சுவர் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் ஷாம்பெய்ன்.

சொந்த நாட்டுக்காரரின் அந்தப் புயலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், வேறு பக்கம் நடந்தார். அவருடைய படங்களில் உருவங்கள் பெரும்பாலும் படத்தின் பரப்புக்கு இணையாக, நிலையாக நிற்கும் அல்லது முழந்தாளிடும். பின்னால் சாம்பல் நிறச் சுவர், ஒரு கல் மாடம், ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். கோடு தெளிவாக இருக்கும். நிறம் குறைவு, ஆனால் இருக்கிற நிறம் முழு வலுவோடு இருக்கும். அவருடைய நீலமும் சிவப்பும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 1650 என்று தேதியிட்ட ஓர் ஆணின் உருவப்படம் இருக்கிறது. கறுப்பு உடை அணிந்த மனிதர் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறார், கை மட்டும் ஜன்னல் விளிம்பைத் தாண்டி நம் பக்கம் வந்து அதன்மேல் அமர்ந்திருக்கிறது. அந்தக் கை ஒன்றுதான் படத்தில் நடக்கும் 'சம்பவம்'. பல காலமாக அவர் இன்னார் என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பிறகு அது சரியல்ல என்று விட்டுவிட்டார்கள்.

இத்தாலிக்குப் போனாரா?

போகவில்லை. போகத்தான் கிளம்பினார், பாரிஸில் தங்கிவிட்டார். ரோமுக்குப் போகாத ஓவியனை முழு ஓவியனாக எண்ணாத காலம் அது. பாரிஸில் அவருக்கு வாய்த்த நண்பர் நிக்கோலா பூசான். இருவரும் ஒரே இடத்தில் தங்கி, லக்சம்பர்க் அரண்மனையில் துஷேன் என்ற தலைமை ஓவியரின் கீழ் வேலை செய்தார்கள். பூசான் ரோமுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். ஷாம்பெய்ன் 1627இல் பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்பினார். ஆனால் சில மாதங்களில் துஷேன் இறந்துவிட, ராணியின் ஓவியர் வேலைக்கு இவரையே கூப்பிட்டு அனுப்பினார்கள். 1628இல் வந்தவர் துஷேனின் மகள் ஷார்லோத்தையே மணந்துகொண்டார்.

ரிஷ்லியூவை இவர் மட்டும்தான் வரையலாம் என்று உத்தரவு இருந்ததா?

கர்தினால் அங்கியில் அவரை வரையும் அனுமதி இவருக்கு மட்டுமே இருந்தது என்றும், பதினோரு முறை வரைந்தார் என்றும் சொல்வது வழக்கம். லண்டன் நேஷனல் கேலரியிலும் லூவரிலும் உள்ள முழு உருவப் படங்களைப் பார்த்தால் ஏன் இவரையே விரும்பினார் என்று தெரியும். கர்தினால்களை நாற்காலியில் உட்கார்ந்தபடி வரைவதுதான் அன்றைய மரபு. ரிஷ்லியூ நிற்கிறார், அரசனைப் போல. சிவப்புப் பட்டு தரைவரை ஒரு கோபுரமாக இறங்குகிறது. தலை மட்டும் மேலே சிறியதாக, கூர்மையாக. பிரான்ஸை நடத்தும் மனிதர் இவர்தான் என்பதற்கு வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

ஷாம்பெய்னின் வாழ்க்கையை எழுதிய ஃபெலிபியான் ஒரு கதை சொல்கிறார். 'என்ன வேண்டுமானாலும் கேள்' என்று கர்தினால் தன் பணியாள் மூலம் சொல்லி அனுப்பினாராம். 'இப்போது இருப்பதைவிடத் திறமையான ஓவியனாக என்னை ஆக்க அவரால் முடியுமென்றால் அதைத்தான் கேட்பேன். அது முடியாதென்பதால் அவருடைய நல்லெண்ணம் போதும்' என்று இவர் பதில் அனுப்பினாராம். அடக்கமா, அழுத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத பதில். எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது.

ஒரே படத்தில் மூன்று ரிஷ்லியூக்கள் இருப்பது ஏன்?

சிற்பிக்கு உதவியாக. லண்டனில் இருக்கும் அந்தப் படம் ஏறத்தாழ 1642இல் வரைந்தது. நடுவில் நேர்முகம், இரு பக்கமும் பக்கவாட்டு முகங்கள். ரோமில் இருந்த சிற்பி பிரான்செஸ்கோ மோக்கி சிலை செய்வதற்காக இதை அனுப்பினார்கள் என்று கருதுகிறார்கள். உட்கார வைத்துச் செதுக்க ஆளை ரோமுக்கு அனுப்ப முடியாதே. வலப்பக்க முகத்துக்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது: இரண்டு பக்கவாட்டு முகங்களில் இதுவே சிறந்தது. அதாவது, மூக்கு சரியாக வந்திருக்கிறது, இதைப் பார்த்துச் செய் என்று. பட்டறையிலிருந்து பட்டறைக்குப் போன அந்த ஒரு வரியால், கலைப் பொருள் என்பதைவிட வேலைத்தாள் மாதிரி இருக்கிறது படம். முகமும் அப்படியே: தோல் வெளுத்து, கண் களைத்து இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிஷ்லியூ இறந்தார்.

இவரைப் பற்றிப் படிக்கும்போது போர் ரோயால் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

கன்னியர் மடம். பாரிஸில் ஒரு வீடும் நகருக்குத் தென்மேற்கே கிராமப்புறத்தில் ஒரு வீடுமாக இருந்தது. (தமிழில் எழுதினால் 'போர்' என்று வந்துவிடுகிறது. அதன் சரித்திரத்துக்குப் பொருத்தம்தான்.) தென் நெதர்லாந்தின் ஈப்ர நகர ஆயராக இருந்த ஜான்சென், புனித அகுஸ்தீனாரைப் பற்றி எழுதிய பெரிய லத்தீன் நூல் 1640இல், அவர் இறந்த பிறகு, லூவெய்னில் வெளிவந்தது. மனிதனுடைய முயற்சியால் மட்டும் மீட்பு வராது, இறையருள் வேண்டும் என்பதைக் கடுமையாக வலியுறுத்திய அந்தப் போக்கை ஜான்செனியம் என்றார்கள். பிரான்ஸில் அதன் மையம் போர் ரோயால். தத்துவவாதி பாஸ்காலின் தங்கை அங்கே கன்னியாஸ்திரி. நாடகாசிரியர் ரசீன் அவர்கள் நடத்திய பள்ளியில் படித்தவர். ரோமும் பிரெஞ்சு அரசும் சேர்ந்து இந்தப் போக்கை நசுக்கப் பார்த்தன.

ரிஷ்லியூவுக்கு வேண்டியவர் அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி?

நல்ல கேள்வி. ஏனென்றால் போர் ரோயாலின் ஆன்மிக வழிகாட்டியான சான் சிரானை 1638இல் வன்சேன் கோட்டையில் அடைத்ததே ரிஷ்லியூதான். ரிஷ்லியூ இறந்த பிறகுதான், 1643 தொடக்கத்தில், அவர் வெளியே வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்தும் போனார். பிறகு அவருடைய உருவப்படத்தை வரைந்தவர் யார் தெரியுமா? ஷாம்பெய்ன்தான்.

வேலை வேறு, மனம் வேறு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் வீட்டுக்குள்ளும் இருந்தது. 1638இல் மனைவி இறந்தார். மகன் சில ஆண்டுகளில் விழுந்து அடிபட்டு இறந்தான். மிச்சம் இரண்டு பெண்கள். 1648இல் இருவரையும் போர் ரோயாலில் தங்கிப் படிக்க விட்டார். இளையவளும் இளமையிலேயே இறந்தாள். மூத்தவள் கேத்தரின் 1657இல் வார்த்தைப்பாடு கொடுத்து, சகோதரி கேத்தரின் த சான்த் சூசான் ஆனாள். அப்படியாக அந்த மடத்தில் இருந்தது அவருடைய ஒரே பிள்ளை. பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த அண்ணன் மகன் ழான் பாப்டிஸ்ட் ஓவியத் தொழிலில் கூட இருந்தார். பிற்காலத்தில் பட்டறை அவர் கைக்குப் போனது.

'1662இன் நேர்த்திக்கடன்' படத்தை இவருடைய தலைசிறந்த படைப்பு என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒரு நாற்காலி, ஒரு சிலுவை, சாம்பல் நிறச் சுவர். முதல்தடவை புத்தகத்தில் பார்த்தபோது நானும் புரட்டிக்கொண்டு போய்விட்டேன்.

நடந்தது இது. 1660 அக்டோபரில் கேத்தரினுக்குக் காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. உடம்பில் ஒரு பாதி செயலிழந்து, நடக்க முடியாமல் போனது. மருத்துவர்கள் கைவிட்டார்கள். 14 மாதங்கள் ஆன பிறகு மடத்தின் மூத்த அன்னை ஆஞ்ஞெஸ் ஆர்னோ அவளுக்காக நவநாள் ஜெபம் தொடங்கினார். ஒன்பது நாளும் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள், 1662 ஜனவரி 7 அன்று, கேத்தரின் எழுந்து நடந்தாள். அப்பா அந்த மடத்துக்கு ஒரு படம் வரைந்து காணிக்கையாகக் கொடுத்தார்.

மற்றொருவர் கையில் கிடைத்திருந்தால் மேகம் பிளந்திருக்கும், தேவதூதர்கள் தலைகீழாகத் தொங்கியிருப்பார்கள், பெண் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்திருப்பாள். இவர் எதையும் வரையவில்லை. கேத்தரின் நாற்காலியில் சாய்ந்து கால்களை ஒரு மேடைமேல் நீட்டியிருக்கிறாள், கைகள் கூப்பியிருக்கின்றன. மடியில் ஒரு சிறு பேழை. பக்கத்தில் அன்னை ஆஞ்ஞெஸ் முழந்தாளிட்டிருக்கிறார். இருவர் மார்பிலும் வெளிர்நிற உடைமேல் பெரிய சிவப்புச் சிலுவை. முகங்களில் அழுகையோ ஆனந்தமோ இல்லை. மேலிருந்து ஓர் ஒளிக்கற்றை மட்டும் இருவருக்கும் நடுவில் விழுகிறது. அதிசயம் நடந்துவிட்டதா, நடக்கப் போகிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்லப்போனால், இன்னும் எழுந்திருக்காத பெண்ணைத்தான் வரைந்திருக்கிறார்.

இடதுபக்கச் சுவரில் லத்தீனில் நீண்ட வாசகம் இருக்கிறது. ஆன்மாவுக்கும் உடலுக்கும் ஒரே மருத்துவரான கிறிஸ்துவுக்கு என்று தொடங்கி, 14 மாதக் காய்ச்சல், செயலிழந்த உடல், கைவிட்ட மருத்துவர்கள் என்று ஒரு வாக்குமூலம் போல நடந்ததைச் சொல்லிவிட்டு, இவ்வளவு பெரிய அற்புதத்துக்கும் தன் மகிழ்ச்சிக்கும் சாட்சியாக பிலிப் த ஷாம்பெய்ன் இந்தப் படத்தை வைத்தார் என்று முடிகிறது. 'சாட்சி' என்ற சொல் அங்கேயே இருக்கிறது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தன் மகள் என்பதைக்கூடப் படம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் மடம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1661இல் மடத்தில் தங்கியிருந்த மாணவியரையும் புதிதாகச் சேர வந்தவர்களையும் அரசு வெளியேற்றியது. ஜான்செனைக் கண்டிக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்று கன்னியாஸ்திரிகளை நெருக்கினார்கள். அன்னை ஆஞ்ஞெஸின் அக்கா, மடத்தைச் சீர்திருத்திய அன்னை ஆஞ்ஞெலிக், அந்த ஆண்டு ஆகஸ்டில் இறந்திருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நோயாளி எழுந்து நடந்தால், கடவுள் யார் பக்கம் என்ற கேள்வி தானாக எழும். இருந்தும் படத்தில் கோஷம் எதுவும் இல்லை.

அற்புதம் நிஜமாகவே நடந்ததா?

எழுந்து நடந்தாள் என்பதைப் பலர் பார்த்தார்கள். எதனால் என்பது அவரவர் நம்பிக்கை.

ஒட்டகச் சண்டை என்கிறார்களே, அது என்ன கூத்து?

1668 ஜனவரியில் அகாதெமியில் ஒரு சொற்பொழிவு. பேசியவர் ஷாம்பெய்ன், பேசுபொருள் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன நண்பர் பூசானின் ஒரு படம். ஆபிரகாமின் ஊழியர் எலியேசர், எஜமானின் மகனுக்குப் பெண் தேடி வந்து கிணற்றடியில் ரெபேக்காவைச் சந்திக்கும் காட்சி. படத்தை நன்றாகப் புகழ்ந்துவிட்டு ஒரு குறை சொன்னார்: வேதத்தில் பத்து ஒட்டகங்கள் வருகின்றன, படத்தில் ஒன்றைக்கூடக் காணோமே?

ஓவியர் சார்ல் லெ பிரன் எழுந்து பதில் சொன்னார். அகாதெமியில் அவர் சொல்தான் சட்டம். பூசானுக்கு ஒட்டகம் தெரியாமல் இல்லை, அழகான பெண்கள் நிற்கும் காட்சியில் அந்த விகாரமான மிருகங்கள் வந்தால் கண் அங்கே போய்விடும், அதனால்தான் நீக்கினார் என்பது அவர் வாதம். கலை வரலாற்றில் லெ பிரன் வென்றதாகத்தான் கணக்கு. ஷாம்பெய்னை எழுத்துக்கு எழுத்து பார்க்கும் கிழவராக ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் ஷாம்பெய்ன் பக்கம்தான். தொடக்க நூல் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 'குடியும், உம் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்ப்பேன்' என்று சொல்லும் பெண்தான் சரியான பெண் என்று எலியேசர் வேண்டிக்கொள்கிறார். ரெபேக்கா அப்படியே சொல்கிறாள். அப்புறம் ஒட்டகத்தை எடுத்துவிட்டால் அந்த அடையாளம் எங்கே? தன் படங்களில் தேவையில்லாத ஒரு நாற்காலியைக்கூட வைக்காத மனிதர் பத்து ஒட்டகம் கேட்டார் என்றால், அலங்காரத்துக்காகக் கேட்கவில்லை.

கோடு பெரிதா, நிறம் பெரிதா என்ற விவாதத்தில் இவர் எந்தப் பக்கம்?

கோட்டின் பக்கம். 1671இல் வெனிஸ் ஓவியர் டிஷியானின் ஒரு மாதா படத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் நிறங்களைப் பாராட்டிவிட்டு, வெறும் நிறத்தின் பின்னால் போகாதீர்கள் என்று மாணவர்களை எச்சரித்தார். சில மாதங்களில் இன்னோர் ஓவியர் எழுந்து நிறத்துக்கு ஆதரவாகப் பதில் கொடுக்க, விவாதம் சூடுபிடித்தது. வேடிக்கை என்னவென்றால், நிறத்தின் அணிக்குப் பின்னாளில் நாயகனாக வாய்த்தவர் ரூபன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை வரைய மாட்டாராமே?

ஃபெலிபியான் அப்படித்தான் சொல்கிறார். மடத்தில் சேரவிருந்த ஒரு பெண்ணின் முகத்தை, அவள் உள்ளே போவதற்கு முன் ஞாயிறன்று வரைந்து தரக் கேட்டார்களாம். எவ்வளவு கேட்டும் மறுத்துவிட்டாராம்.

'இராவுணவு' படத்தில் இருக்கும் அப்போஸ்தலர்கள் போர் ரோயால் ஆட்களா?

அப்படி ஒரு பழைய கதை உண்டு. பாஸ்கால் இவர், இறையியலாளர் ஆர்னோ அவர் என்று விரல் காட்டிச் சொல்வார்கள். நம்பும்படியான ஆதாரம் கிடையாது. தன் நண்பர்களுக்கு அப்போஸ்தலர் வேஷம் போட்டுப் பார்ப்பது இவர் குணத்துக்கும் ஒட்டவில்லை.

மண்டையோடு, மணல் கடிகாரம், டியூலிப் பூ இருக்கும் சிறிய படம் இவருடையதா?

இவர் பெயரில்தான் வழங்குகிறது, லெ மான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் பலகைமேல் மூன்று பொருள்கள் ஒரே வரிசையில். மண்டையோடு நடுவில் நம்மை நேராகப் பார்க்கிறது. சாவை நினைவூட்டும் படங்களை நெதர்லாந்துக்காரர்கள் புத்தகம், குழல், காசு, அணைந்த மெழுகுவர்த்தி என்று நிரப்புவார்கள். இதில் மூன்றோடு சரி. மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் முதல் தத்துவப் புத்தக அட்டை வரை எங்கும் இதைப் போடுகிறார்கள்.

படங்களை எங்கே பார்க்கலாம்?

அதிகம் இருப்பது லூவரில். நேர்த்திக்கடன் படம், 1648இல் வரைந்த பாரிஸ் நகர அதிகாரிகளின் குழுப்படம், இறந்த கிறிஸ்து துணிமேல் கிடக்கும் படம் மூன்றையும் தவறவிடக் கூடாது. லண்டன் நேஷனல் கேலரியில் முழு உருவ ரிஷ்லியூவும் மூன்று முக ரிஷ்லியூவும். வாஷிங்டனில் வழக்கறிஞர் ஓமேர் தாலோன் (1649), லாஸ் ஏஞ்சல்ஸில் கையில் எரியும் இதயத்தோடு புனித அகுஸ்தீனார். பிறந்த ஊரான பிரஸ்ஸல்ஸின் அரச அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. சோர்போன் தேவாலயத்தின் குவிமாடத்தில் ரிஷ்லியூ காலத்தில் வரைந்த சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன.

ஒளிப்படத்தில் இவர் படங்கள் தோற்றுவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறம் அச்சில் வெறும் சாம்பலாகிவிடுகிறது.

போர் ரோயால் மடம் இன்னும் இருக்கிறதா?

கிராமப்புற மடம் இல்லை. 1709இல் மிச்சமிருந்த வயதான கன்னியாஸ்திரிகளைப் பதினான்காம் லூயி பிரித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்தது. 1711இல் கல்லறைகளையும் தோண்டினார்கள். இன்று போனால் அடித்தளக் கற்களும் ஒரு பழைய புறாக்கூண்டும் பார்க்கலாம். பாரிஸில் இருந்த வீடு தப்பித்தது. புரட்சிக்காலத்தில் சிறையாக இருந்து, பிறகு பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. பாரிஸ்காரர் ஒருவரிடம் போர் ரோயால் எங்கே என்று கேட்டால், ஒன்று ரயில் நிலையத்தைக் காட்டுவார், இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியை.